அப்பாவிடமே காசு கொடுத்து வாங்கும் பிள்ளைகள்: ஓர் அமெரிக்க பீர் ஆலை 6 தலைமுறை தாண்டியது எப்படி?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அதிலும் பிலடெல்பியா பக்கம், ஒரு பாரில் உட்கார்ந்து ‘ஒரு லாகர்’ என்று சொன்னால் போதும். எந்த பிராண்டு என்று திருப்பிக் கேட்க மாட்டார்கள். யிங்லிங் வந்துவிடும். லாகர் என்பது உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு பீர் வகையின் பெயர். பட்வைசரும் லாகர்தான், ஹைனெகனும் லாகர்தான். ஆனால் அந்த வட்டாரத்தில் மட்டும் வகையின் பெயரே ஒரு கம்பெனியின் பெயராகிவிட்டது. நகல் எடுப்பதை ‘ஜெராக்ஸ்’ என்று சொல்கிறோமே, அதன் தலைகீழ்.

டி.ஜி. யிங்லிங் அண்ட் சன் 1829-ல் தொடங்கப்பட்டது. இன்றும் இயங்கிவரும் அமெரிக்க பீர் ஆலைகளில் இதுதான் மிகப் பழையது. உள்நாட்டுப் போர், இரண்டு உலகப் போர்கள், 13 ஆண்டு மதுவிலக்கு, பெரிய கம்பெனிகள் சின்ன கம்பெனிகளை விழுங்கிய காலம் என எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. இப்போதும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஆறாம் தலைமுறை வேலையில் இறங்கியிருக்கிறது.

மது உடலுக்குக் கேடு என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரு தொழில் எப்படிப் பிழைக்கிறது, எப்படி அழிகிறது என்று புரிந்துகொள்ள அமெரிக்க பீர் ஆலைகளின் கதையைப் போல நல்ல பாடம் கிடைப்பது அரிது. காரணம், ஒரே மாதிரி தொடங்கிய குடும்பங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக முடிந்தன.

யிங்லிங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘குடும்ப பாரம்பரியம்தான் காப்பாற்றியது’ என்று முடித்துவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காணாமல் போன ஆலைகளும் குடும்ப ஆலைகள்தான். அப்படியென்றால் காப்பாற்றியது எது?

யார் இந்த யிங்லிங்?

இன்றைய ஜெர்மனியின் தென்மேற்கில், வூர்ட்டம்பெர்க் பகுதியில் ஆல்டிங்கன் என்ற ஊர். அங்கிருந்து 1823-ல் அமெரிக்காவுக்குக் கிளம்பிய இளைஞர் டேவிட் காட்லீப் யூங்லிங். புது நாட்டின் உச்சரிப்புக்கு ஏற்ப பெயரின் எழுத்து மாறி, யூங்லிங் யிங்லிங் ஆனது.

அவர் தேர்ந்தெடுத்த ஊர் பாட்ஸ்வில். ஆந்த்ரசைட் என்கிற கெட்டி நிலக்கரி கிடைக்கும் மலைப்பகுதி. சுரங்கம் தோண்டுகிற ஊரில் ஆள் சேரும். நாள் முழுக்கப் புழுதியில் வேலை செய்கிறவர்களுக்குச் சாயங்காலம் தாகம் எடுக்கும். இடம் பார்த்துக் கடை போட்டிருக்கிறார். 1829-ல் ‘ஈகிள் புரூவரி’ என்ற பெயரில் ஆலை தொடங்கினார். இரண்டே வருடத்தில், 1831-ல், தீ விபத்தில் அது எரிந்துபோனது.

அடுத்த ஆலையை அதே ஊரில் மஹன்டாங்கோ தெருவின் மேட்டில் கட்டினார். மலையை ஒட்டிய இடம். பீரைக் குளிர்ச்சியில் வைத்துத்தான் பக்குவப்படுத்த வேண்டும். குளிர்பதன இயந்திரம் இல்லாத காலம். அதனால் மலைக்குள் குகை குடைந்தார்கள். கோடையிலும் குளிர்ந்திருக்கும் அந்தச் சுரங்க அறைகள்தான் அன்றைய ஃப்ரிட்ஜ். ஆலை இன்றும் அதே மேட்டில்தான் நிற்கிறது. குகைகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள்.

1873-ல் மகன் ஃபிரெட்ரிக் பங்குதாரராகச் சேர்ந்தபோது பெயர்ப் பலகையில் ‘அண்ட் சன்’ ஏறியது. 1877-ல் டேவிட் இறந்தார். ஃபிரெட்ரிக் 1899-ல் இறந்ததும் அவருடைய மகன் ஃபிராங்க் பொறுப்பேற்றார். 1963-ல் இறக்கும்வரை, 60 ஆண்டுக்கும் மேல் அவர்தான் முதலாளி.

இந்த ஃபிராங்கின் காலத்தில்தான் முதல் பெரிய இடி விழுந்தது.

பீர் விற்கக் கூடாது என்றால் பீர் ஆலை என்ன செய்யும்?

1920 ஜனவரியில் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அரசியல் சட்டத்தையே திருத்திக் கொண்டுவந்த தடை. ஆலையின் குகை வாயிலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். நாட்டில் நூற்றுக்கணக்கான ஆலைகள் பூட்டிக்கொண்டு போயின.

ஃபிராங்க் மூன்று வேலை செய்தார். ஒன்று, போதை ஏறாத அளவுக்கு ஆல்கஹால் குறைத்த ‘நியர் பீர்’ தயாரித்தார். இரண்டு, ஆலைக்கு எதிரிலேயே ஒரு பால் பண்ணை நிறுவனம் தொடங்கி ஐஸ்கிரீம் விற்றார். மூன்று, பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் நடன அரங்குகள் நடத்தினார். பீர் காய்ச்சுகிற குடும்பம் ஐஸ்கிரீம் விற்று அடுப்பை அணையாமல் வைத்திருந்தது. அந்தப் பால் தொழில் மதுவிலக்கு முடிந்த பிறகும் ஓடி, 1985-ல்தான் மூடப்பட்டது.

1933-ல் தடை நீங்கியது. ‘வின்னர் பீர்’ என்று ஒன்றைக் காய்ச்சி, ஒரு லாரி நிறைய ஏற்றி வெள்ளை மாளிகைக்கு அனுப்பினார்கள். அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு நன்றிக் காணிக்கை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதுவிலக்கில் பிழைத்தது யிங்லிங் மட்டும் கிடையாது. செயின்ட் லூயிஸ் நகரின் ஆன்ஹைசர்-புஷ் குடும்பம் ஈஸ்ட்டும் ஐஸ்கிரீமும் விற்றது. கொலராடோவின் கூர்ஸ் குடும்பம் மால்ட் பால் பவுடரும் பீங்கான் பொருட்களும் விற்றது. டெட்ராய்ட்டின் ஸ்ட்ரோ குடும்பமும் ஐஸ்கிரீமில் இறங்கியது. ஆக, கஷ்ட காலத்தில் சமாளிப்பது எல்லாக் குடும்பங்களுக்கும் வந்தது. நல்ல காலத்தில்தான் பல குடும்பங்கள் தடுக்கி விழுந்தன.

4,000 ஆலைகள் 89 ஆன கதை

1873-ல் அமெரிக்காவில் 4,000-க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. ஊருக்கு ஒன்று என்கிற கணக்கு. 1970-களின் கடைசியில் மிஞ்சியவை 89.

மதுவிலக்கு ஒரு பங்கு அழித்தது. மீதியைச் சந்தை அழித்தது. ரயிலும் குளிர்பதனமும் வந்த பிறகு பீர் ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்ய முடிந்தது. பிறகு நெடுஞ்சாலைகள். பிறகு தொலைக்காட்சி. நாடு முழுக்க விளம்பரம் செய்கிறவர், நாடு முழுக்க விற்றால்தான் அந்த விளம்பரச் செலவுக்குக் கட்டுப்படியாகும். பத்து ஊரில் ஆலை கட்டுகிறவருக்கு ஒரு பாட்டிலுக்கு ஆகும் செலவு குறையும். அந்த விலைக்கு உள்ளூர் ஆலையால் விற்க முடியாது. ‘பெரிதாகு, இல்லையென்றால் காணாமல் போ’ என்பதுதான் அன்றைய விதி.

பாட்ஸ்வில்லும் இளைத்துக்கொண்டிருந்தது. நிலக்கரியின் இடத்தை எண்ணெயும் எரிவாயுவும் பிடித்தன. 1940-ல் 24 ஆயிரத்தைத் தாண்டிய ஊரின் மக்கள்தொகை 2020-ல் 13 ஆயிரம் சொச்சம். வாடிக்கையாளர் கூட்டமே பாதியாகிப்போன ஊரில் ஓர் ஆலை.

அந்தக் காலத்தில் யாரிடமாவது கேட்டிருந்தால், யிங்லிங் மூடிவிடும், ஷ்லிட்ஸ் நிலைக்கும் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

விழுந்தவர்களும் குடும்பங்கள்தான்

மில்வாக்கி நகரின் ஷ்லிட்ஸ், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் 1950-களின் முற்பகுதியிலும் அமெரிக்காவின் முதலிடத்தில் இருந்த பீர். ஆலைக்குத் தன் பெயரைக் கொடுத்த ஜோசப் ஷ்லிட்ஸ் 1875-ல் கப்பல் விபத்தில் இறந்த பிறகு, ஈலைன் குடும்பம் நிர்வாகத்துக்கு வந்தது. நூறு ஆண்டு அவர்கள் பிடியில் இருந்தது.

1970-களில் செலவைக் குறைக்க முடிவெடுத்தார்கள். பீர் புளித்துப் பக்குவப்படும் காலத்தைச் சுருக்கினார்கள். மால்ட்டின் ஒரு பங்குக்குப் பதிலாக மலிவான சோளப் பாகைச் சேர்த்தார்கள். காகிதத்தில் கணக்கு அழகாக இருந்தது. பிறகு நுரை நிற்பதற்கு ஒரு ரசாயனம், கலங்காமல் இருப்பதற்கு இன்னொன்று. இரண்டும் பாட்டிலுக்குள் சேர்ந்து வினைபுரிந்து, பீரில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு மிதந்தது. 1976-ல் சுமார் 1 கோடி பாட்டில்கள், கேன்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. குடிக்கிறவர்கள் அதை மறக்கவில்லை. 1982-ல் ஷ்லிட்ஸ் விலைபோனது.

வாங்கியது யார்? டெட்ராய்ட்டின் ஸ்ட்ரோ. 1850-ல் தொடங்கிய இன்னொரு குடும்ப ஆலை. தன்னைவிடப் பெரிய நிறுவனத்தை, பெரும் கடன் வாங்கி வாங்கியது. ஒரே இரவில் நாட்டின் மூன்றாவது பெரிய பீர் நிறுவனம் ஆனது. ஆனால் கடனுக்கு வட்டி கட்டவே மூச்சுத் திணறியது. விளம்பரத்தில் பட்வைசரோடும் மில்லரோடும் மோதக் கையில் காசில்லை. 1985-ல் சொந்த ஊரான டெட்ராய்ட்டின் ஆலையையே மூடினார்கள். 1999-ல் கடையைக் கட்டினார்கள். 149 ஆண்டுக் கதை முடிந்தது.

எல்லாரையும் ஜெயித்தது ஆன்ஹைசர்-புஷ். எபர்ஹார்ட் ஆன்ஹைசரின் மகளைக் கட்டிக்கொண்ட அடால்ஃபஸ் புஷ், 1876-ல் பட்வைசரை அறிமுகப்படுத்தினார். பாஸ்ச்சரைசேஷன், குளிரூட்டிய ரயில் பெட்டி என்று புதிய தொழில்நுட்பத்தை மற்றவர்களுக்கு முன்பே பிடித்துக்கொண்டவர். அவருடைய வாரிசுகள் அமெரிக்க பீர் சந்தையில் கிட்டத்தட்ட பாதியைப் பிடித்தார்கள். 2008-ல் தலைமைச் செயல் அதிகாரி நாற்காலியில் இருந்தவரும் ஒரு புஷ்தான். ஆனால் அதற்குள் குடும்பத்திடம் மிச்சமிருந்தது 4 சதவீதம் அளவுக்கான பங்குகள். தலைமுறைக்குத் தலைமுறை பங்குகள் பிரிந்தன, பிரிந்தவை விற்கப்பட்டன. பெல்ஜியம்-பிரேசில் நிறுவனமான இன்பெவ் ஒரு பங்குக்கு 70 டாலர் தருகிறேன் என்று வந்து நின்றபோது, வேண்டாம் என்று தடுக்கும் பலம் குடும்பத்துக்கு இல்லை. சுமார் 5,200 கோடி டாலருக்குக் கைமாறியது. பெயர்ப் பலகையில் புஷ் இருந்தார். சாவி வேறு யாரிடமோ இருந்தது.

மூன்று குடும்பம், மூன்று விதமான வீழ்ச்சி. ஷ்லிட்ஸ் தரத்தில் கை வைத்தது. ஸ்ட்ரோ அகலக் கால் வைத்தது. புஷ் குடும்பம் தன் பங்கைக் கரையவிட்டது. ‘குடும்பம்’ என்ற சொல் மூவரையும் காப்பாற்றவில்லை.

யிங்லிங்கில் என்ன வித்தியாசம்?

யிங்லிங் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆலை சும்மா கைக்கு வராது. அடுத்த தலைமுறைக்கு வேண்டுமென்றால், பெற்றோரிடம் விலை கொடுத்து வாங்க வேண்டும். அன்பளிப்பு கிடையாது, உயிலில் எழுதி வைப்பதும் கிடையாது.

கேட்க கொஞ்சம் கடுமையாக இருக்கும். பெற்ற பிள்ளையிடமே காசு வாங்குவதா? ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

ஒரு தம்பதிக்கு மூன்று பிள்ளைகள் என்று வையுங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று பிள்ளைகள். சொத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டே போனால், ஆறாம் தலைமுறையில் 243 பங்குதாரர்கள் இருப்பார்கள். அவர்களில் ஆலையில் வேலை பார்ப்பவர் இரண்டு பேர் இருந்தாலே அதிகம். மீதிப் பேருக்கு ஆலை என்பது வருஷா வருஷம் வரும் ஒரு காசோலை. காசோலை சிறுத்தால் கோபம் வரும். யாராவது நல்ல விலைக்குக் கேட்டால் ‘கொடுத்துவிடலாமே’ என்று தோன்றும். அது தப்பும் இல்லை. அவர்கள் வாழ்க்கை வேறு. ஆனால் அந்த மனநிலையில் ஒரு தொழில் நிலைக்காது.

விலைக்கு வாங்கும் முறை இந்த மரத்தை ஒவ்வொரு தலைமுறையிலும் கவாத்து செய்துவிடுகிறது. தொழில் வேண்டும் என்கிற பிள்ளை வாங்குகிறது. வேண்டாம் என்கிற பிள்ளைக்குப் பெற்றோர் வழியாகப் பணமாகப் போய்ச்சேரலாம். பெற்றோருக்கும் ஓய்வுக்காலத்துக்குக் காசு. உரிமை ஒன்றிரண்டு கைகளுக்குள்ளேயே நிற்கிறது.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கடன் வாங்கி ஆலையை வாங்கியவர், கடன் தீரும்வரை தூங்க மாட்டார். தாத்தா சம்பாதித்ததைச் செலவழிக்கிற வாரிசுக்கும், தவணை கட்டுகிற வாரிசுக்கும் ஒரே ஆலை வேறு வேறாகத் தெரியும்.

ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்த ரிச்சர்ட் ‘டிக்’ யிங்லிங் ஜூனியரின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஆலையை நவீனப்படுத்த வேண்டும் என்றார் மகன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. 1973-ல் மகன் வெளியேறி, சொந்தமாக பீர் விநியோகத் தொழில் நடத்தினார். அப்பாவுக்கு உடல்நலம் குன்றிய பிறகு 1985-ல் திரும்பி வந்தார், ஆலையை வாங்கினார். அப்போது அது ஆண்டுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் பீப்பாய் உற்பத்தி செய்த சின்ன ஆலை. அமெரிக்கக் கணக்கில் ஒரு பீப்பாய் சுமார் 117 லிட்டர். இன்னும் பத்து ஆண்டு தாங்குமா என்று யாருக்கும் தெரியாத நிலை.

வெளியே இருந்த 12 ஆண்டுகள் வீண்போகவில்லை. கடைக்காரர் என்ன கேட்கிறார், குடிக்கிறவர் எதைத் திரும்ப வந்து வாங்குகிறார் என்று விநியோகஸ்தருக்குத் தெரியும். 1987-ல் டிக், குடும்பத்தின் பழைய லாகரைப் புதுப்பித்துக் கொண்டுவந்தார். வறுத்த மால்ட் சேர்த்து, செம்பு நிறத்தில், மற்ற பீர்களைவிடக் கொஞ்சம் அழுத்தமான சுவை. விலையோ சாதாரண பீரை ஒட்டியது. சந்தையில் அன்று ஒரு பக்கம் தண்ணீர் மாதிரி லேசான பீர், மறுபக்கம் விலை உயர்ந்த இறக்குமதி. நடுவில் இருந்த காலியிடத்தில் யிங்லிங் போய் உட்கார்ந்தது. ‘ஒரு லாகர்’ என்று கேட்டால் யிங்லிங் வரும் பழக்கம் இதற்குப் பிறகு வந்ததுதான்.

‘இப்போதைக்கு வேண்டாம்’ என்ற முடிவு

1990-களில் தேவை எகிறியது. ஆலையால் ஈடுகொடுக்க முடியவில்லை. இந்த இடத்தில் ஒரு வழக்கமான நிறுவனம் என்ன செய்யும்? கடன் வாங்கும், அல்லது பங்குச் சந்தைக்குப் போகும், நாலைந்து மாநிலங்களில் ஒரே நேரத்தில் இறங்கும்.

யிங்லிங் நேர்மாறாகச் செய்தது. நியூ இங்கிலாந்து மாநிலங்களில் விற்பதை நிறுத்திக்கொண்டு பின்வாங்கியது. சொந்த மாநிலத்துக் கடைகளுக்கே சரக்கு போதவில்லை; முதலில் அவர்களைக் கவனிப்போம் என்றது. வளர்ச்சி வரைபடத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது பைத்தியக்காரத்தனம். காலாண்டுக்கு ஒரு முறை முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனத்தால் இப்படி ஒரு முடிவை எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு அவர்கள் திரும்பிப் போனது 2014-ல். ஓர் ஊரை விட்டுவிட்டு 20 ஆண்டு பொறுத்திருந்து திரும்பும் அவகாசம், வெளி முதலீட்டாளர் இல்லாத கம்பெனிக்கு மட்டுமே கிடைக்கும்.

1999-ல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் ஓர் ஆலை விற்பனைக்கு வந்தது. யிங்லிங் அதை வாங்கியது. அந்த ஆலை ஷ்லிட்ஸ் கட்டியது. கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஸ்ட்ரோவிடம் இருந்தது. நாட்டையே பிடிக்கப் புறப்பட்ட இரண்டு ராட்சதர்களின் சொத்து, பின்வாங்கத் தெரிந்த ஒரு சின்ன ஆலையின் கைக்கு வந்து சேர்ந்தது. பாட்ஸ்வில்லுக்குப் பக்கத்திலேயே ஒரு புதிய ஆலையையும் கட்டினார்கள்.

இன்று உற்பத்தி ஆண்டுக்கு 25 லட்சம் பீப்பாய் அளவில் இருக்கிறது. பட்வைசரின் பேரரசோடு ஒப்பிட்டால் சிறிதுதான். ஆனால் பட்வைசர் இன்று பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் சொத்து. அமெரிக்கர்களுக்கே சொந்தமான பீர் நிறுவனங்களின் வரிசையில் யிங்லிங் முதலிடத்துக்கே வந்தது. ஓட்டத்தில் வேகமாக ஓடியவர்கள் எல்லாம் வழியில் விழுந்துவிட, நடந்து வந்தவர் முன்னால் நிற்கிறார்.

மறுபக்கம் இல்லாமல் இருக்குமா?

இத்தோடு முடித்தால் இது கம்பெனியின் விளம்பரக் கையேடு ஆகிவிடும். ஒரே குடும்பத்தின் கையில் சாவி இருப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. அதைப் பெரும்பாலும் மற்றவர்கள் கொடுக்கிறார்கள்.

2006-ல் ஆலையில் இருந்த டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் அங்கீகாரத்தை இழந்தது. நிர்வாகத்தின் போக்கைக் கண்டித்து, யிங்லிங்கைப் புறக்கணியுங்கள் என்று தொழிற்சங்கம் அழைப்பு விடுத்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் தாகத்தால் வளர்ந்த ஓர் ஆலையில், தொழிலாளர் சங்கமே இல்லாமல் போனது. தொழிற்சங்கங்களின் பிடியைத் தளர்த்தும் சட்டங்களுக்குப் பிறகு டிக் யிங்லிங் வெளிப்படையாகவே ஆதரவு தெரிவித்தார்.

2016-ல் இரண்டு சம்பவங்கள். முதலாவது கழிவுநீர். பாட்ஸ்வில் பகுதியின் இரண்டு ஆலைகளிலிருந்தும் அனுமதித்த அளவைத் தாண்டிய கழிவு, நகரின் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பல ஆண்டுகளாகப் போனது என்று அமெரிக்க அரசு வழக்கு போட்டது. 2008-க்கும் 2015-க்கும் இடையில் குறைந்தது 141 முறை விதிமீறல் என்பது குற்றச்சாட்டு. 28 லட்சம் டாலர் அபராதம் கட்டவும், சுமார் 70 லட்சம் டாலர் செலவில் ஏற்பாடுகளைச் சீர்செய்யவும் நிறுவனம் சம்மதித்தது. பாரம்பரியம் பேசும் ஆலை, தான் பிறந்த ஊரின் நீர் விஷயத்திலேயே கவனக்குறைவாக இருந்தது என்றால், அந்தப் பாரம்பரியத்துக்கு என்ன அர்த்தம்?

இரண்டாவது அரசியல். அதிபர் தேர்தல் சமயத்தில் டொனால்ட் டிரம்பின் மகன் எரிக் ஆலைக்கு வந்தார். டிக் யிங்லிங் வெளிப்படையாக டிரம்புக்கு ஆதரவு தெரிவித்தார். சில பார்கள் யிங்லிங்கை விற்பதை நிறுத்தின; சமூக வலைதளங்களில் புறக்கணிப்பு அழைப்புகள் கிளம்பின. எந்தக் கட்சியை ஆதரிப்பது என்பது அவருடைய உரிமை. ஆனால் ஆலையின் பெயரே அவர் பெயராக இருக்கும்போது, அவர் வாயைத் திறந்தால் பேசுவது ஆலைதான். அங்கே வேலை பார்ப்பவர்களில் வேறு கருத்து உள்ளவர் இருந்தால் அவர் குரல் எங்கே ஒலிக்கும்?

அந்த விலைக்கு வாங்கும் வழக்கத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஏலத்தில் கலந்துகொள்ளும் தகுதி யிங்லிங் வீட்டில் பிறந்தவருக்கு மட்டும்தான். 30 ஆண்டு அந்த ஆலையில் பீர் காய்ச்சியவர் கையில் பணத்தோடு வந்தாலும் கதவு திறக்காது. உழைத்து வாங்குகிறோம் என்று குடும்பம் சொல்வது உண்மைதான். வாங்கும் வாய்ப்பு மட்டும் பிறப்பால் வருகிறது.

சரி, தொழிலாளர்களிடமே கொடுத்தால்?

இதற்கும் அமெரிக்காவில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. கொலராடோவின் நியூ பெல்ஜியம் ஆலை 1991-ல் தொடங்கியது. 2012-ல் முழுக்க ஊழியர்களுக்கே சொந்தமானது. பலரும் முன்மாதிரி என்று கொண்டாடினார்கள். 2019-ல் ஜப்பானின் கிரின் குழுமத்துக்கு விற்க ஊழியர்களே வாக்களித்தார்கள். பல ஆண்டு உழைப்புக்கு ஓய்வுக்காலப் பணமாகப் பலன் கிடைத்தது. அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் உரிமை எல்லாரிடமும் இருந்தும், விற்காமல் இருக்கும் காரணம் யாரிடமும் மிச்சமில்லை.

இதிலிருந்து தெரிவது ஒன்றுதான். யார் கையில் சாவி என்பதைப் போலவே, அந்தச் சாவியைக் கைமாற்றுவதற்கு என்ன விதி என்பதும் முக்கியம். யிங்லிங்கைக் காப்பாற்றியது ரத்தபந்தம் என்பதைவிட, ரத்தபந்தத்துக்கே விலை கேட்ட அந்த விதி என்பதுதான் பொருத்தம். புஷ் குடும்பத்திடம் பாசம் குறைவாக இருந்திருக்காது. பங்கு கரையாமல் தடுக்கும் ஏற்பாடு இல்லை, அவ்வளவுதான்.

அதே சமயம் அந்த விதி ஆலையைத்தான் காப்பாற்றியது. தொழிலாளரையோ ஊரின் நீரையோ அது காப்பாற்றவில்லை. அதற்குத் தொழிற்சங்கமும் அரசின் சட்டமும் தேவைப்பட்டன. உரிமையாளர் ஒருவர் என்றால் முடிவு சீக்கிரம் எடுக்கலாம், பொறுமையாகக் காத்திருக்கலாம். கேள்வி கேட்க வெளியே ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதும் அதனாலேயேதான்.

அடுத்தது என்ன?

பலகையில் இன்றும் ‘அண்ட் சன்’ என்றுதான் இருக்கிறது. அடுத்த தலைமுறையில் மகன் இல்லை. டிக் யிங்லிங்கின் நான்கு மகள்கள்தான் ஆறாம் தலைமுறை. அப்பாவின் வழியில் அவர்களும் நிறுவனப் பொறுப்புகளில் இருக்கிறார்கள்.

காலம் சுலபமானது இல்லை. மது அருந்தும் பழக்கமே அமெரிக்காவில் குறைந்துவருகிறது. கேலப் நிறுவனத்தின் 2025 கருத்துக்கணிப்பில், மது அருந்துவதாகச் சொன்ன பெரியவர்கள் 54 சதவீதம்தான். அந்தக் கணிப்பின் நீண்ட வரலாற்றிலேயே இதுதான் குறைவு. 89 ஆகச் சுருங்கிய ஆலைகளின் எண்ணிக்கையோ, சின்ன ஆலைகளின் புது அலையில் இன்று 9,000-ஐத் தாண்டிவிட்டது. குடிப்பவர் குறைய, காய்ச்சுபவர் கூடியிருக்கிறார்.

2020-ல் யிங்லிங், மோல்சன் கூர்ஸ் நிறுவனத்தோடு ஒரு கூட்டு ஏற்பாட்டுக்குப் போனது. நாட்டின் மேற்குப் பகுதிக்கு வேண்டிய பீரைக் கூட்டாளியின் ஆலையில் காய்ச்சி விற்பது. அதன்படி 2021-ல் டெக்சாஸில் இறங்கினார்கள். சொந்த நிறுவனம் குடும்பத்திடமே இருக்கிறது. ஸ்ட்ரோவைப் போலக் கடன் வாங்கி ஆலை வாங்காமல் எல்லையை விரிக்கும் வழி இது. பழைய எச்சரிக்கை உணர்வு தெரிகிறது. ஆனால் பங்காளி பெரியவர். சின்னவர் பெரியவரோடு சேர்ந்து நடக்கும்போது யாருடைய வேகத்தில் நடப்பது என்ற கேள்வி வரத்தான் செய்யும். அதற்கான பதிலை அந்தச் சகோதரிகள்தான் சொல்ல வேண்டும்.

கார்ப்பரேட் அலுவலகங்களில் சேரும் முதல் நாளே காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு: ‘இங்கே நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி.’ அதைக் கேட்கும்போது இந்தப் பீர் ஆலைகளை நினைத்துக்கொள்ளலாம். குடும்பம் என்ற சொல் ஷ்லிட்ஸிலும் இருந்தது, ஸ்ட்ரோவிலும் இருந்தது. அந்தச் சொல்லால் எதுவும் தீர்மானமாகவில்லை. விற்கலாமா என்று முடிவெடுப்பது யார்? வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? தப்பு நடந்தால் விலை கொடுப்பது யார்? இந்த மூன்று கேள்விக்கும் கிடைக்கும் பதில்தான் ஒரு நிறுவனத்தின் உண்மையான பெயர்ப் பலகை.